ஊர் கூடி வாங்கிய மருந்து

தேர்த் திருவிழாவைக் காணாதார் தமிழகத்தில் அரியர். தேர் பெரிது, அதன் வடமும் பெரிது. வலிமை மிக்க ஒருவன் தனித்து நின்று எத்துணை முயன்று இழுப்பினும் அத்தேர் ஓரடியும் நகராது. ஊரார் அனைவரும் ஒருங்கு கூடி வடம் பிடிப்பாராயின், அது நான்கு வீதியும் உலா வந்து நிலையை அடையும். ஏரிக்குக் கரை கட்டுதலும், கால்வாயைத் தூர் வாருதலும் இவ்வாறு பலர் கூடிச் செய்யும் செயல்களே. கூடி உழைத்தலின் பயனை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். ஆயின், கூடி வாங்குதலிலும் அத்தகைய பயன் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அரசும், அதன்கீழ் இயங்கும் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி முதலிய உள்ளாட்சி மன்றங்களும் நாள்தோறும் எத்தனையோ பொருள்களை வாங்குகின்றன. மருத்துவமனைக்கு மருந்து வேண்டும். பள்ளிக்குப் பலகை வேண்டும். தெருவுக்கு விளக்கு வேண்டும். குடிநீர்த் தொட்டியைத் தூய்மை செய்ய பிளீச்சிங் பவுடர் வேண்டும். அலுவலகத்துக்குக் காகிதம் வேண்டும். இவற்றையெல்லாம் வாங்கும் பணம் யாருடையது? அது கருவூலத்தில் இருப்பினும் மக்களுடைய பணமே ஆகும். செல்வர் செலுத்தும் வரி மட்டும் அதில் சேர்வதில்லை; கூலி வேலை செய்வோர் கடையில் வாங்கும் சிறு பொருளின் விலையோடு சேர்த்துக் கொடுக்கும் வரியும் அதில் சேர்கிறது. ஆதலின், அப்பணத்தில் ஒரு காசு வீணாயினும் அஃது உழைப்பாளியின் வியர்வை வீணானதற்கு ஒப்பாகும்.

கூடி வாங்குதலின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அடுத்தடுத்து நான்கு ஊராட்சிகள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வோர் ஊராட்சிக்கும் பத்து மூட்டை பிளீச்சிங் பவுடர் தேவைப்படுகிறது. நான்கு ஊராட்சிகளும் நான்கு வெவ்வேறு நாள்களில் நகரத்து வணிகரிடம் செல்கின்றன. வணிகர் நான்கு முறை பேரம் பேசுகிறார். நான்கு முறை பற்றுச்சீட்டு எழுதுகிறார். நான்கு முறை வண்டி நிறையாத சரக்கை ஏற்றி அனுப்புகிறார். பேரம் பேச அறிந்த ஊராட்சி குறைந்த விலைக்குப் பெறுகிறது. அறியாத ஊராட்சி மிகுந்த விலை கொடுக்கிறது. தொலைவில் உள்ள சிற்றூருக்குச் சரக்கு காலந்தாழ்ந்து சேர்கிறது.

அந்நான்கு ஊராட்சிகளும் ஒன்று கூடித் தம் தேவையை ஒரே பட்டியலில் எழுதுமாயின் நிலைமை மாறும். நாற்பது மூட்டைக்கு ஒரே விலை பேசலாம். வண்டி ஒரே நடையில் நான்கு ஊர்க்கும் சென்று இறக்கிவிட்டு மீளும். வணிகருக்கும் வேலை குறைகிறது. அவரும் விலையைக் குறைக்க மனங்கொள்வார். சரக்கின் தரத்தைச் சோதித்துப் பார்க்க ஓர் ஊராட்சியிடம் பொருள் இல்லாதிருக்கலாம். நான்கும் சேர்ந்தால் அதற்கும் வழி பிறக்கும். இவ்வாறு அரசு அமைப்புகள் பல தம் தேவைகளை ஒன்று சேர்த்து வாங்குவதே கூட்டுக் கொள்முதல் எனப்படும்.

கூடாமல் வாங்குவதனால் விளையும் தீங்கு விலை மிகுதி ஒன்றே என்று எண்ணுதல் கூடாது. ஒரே நாட்டின் மக்கள் தமக்குள் தாமே போட்டியாளராகும் அவல நிலையும் அதனால் உண்டாகும். இதற்குச் சான்று அண்மைக் காலத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது.

அந்நாடு 50 மாநிலங்களைக் கொண்டது. செல்வ வளம் மிக்கது. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா என்னும் தொற்றுநோய் அங்கே பரவத் தொடங்கியது. மருத்துவருக்கும் செவிலியருக்கும் முகக்கவசங்களும் கையுறைகளும் தேவைப்பட்டன. மூச்சுத் திணறிய நோயாளிகளுக்கு வெண்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவிகள் தேவைப்பட்டன. உலகெங்கும் அவற்றுக்கு ஒரே காலத்தில் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்நிலையில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வணிகரை நாடி ஓடியது. ஒரு மாநிலம் ஒரு விலை கூற, மற்றொரு மாநிலம் அதனினும் மிகுந்த விலை கூறியது. நாட்டின் நடுவண் அரசும் அதே சந்தையில் வாங்க முற்பட்டது. விலை மேன்மேலும் ஏறியது. ஐம்பது மாநிலங்களும் ஒரே கருவிக்காக ஒன்றையொன்று விஞ்சி ஏலம் கேட்பது போன்ற நிலை ஏற்பட்டுவிட்டதாக நியூயார்க் மாநிலத்தின் ஆளுநராக அப்போது இருந்த ஆண்ட்ரூ குவோமோ வெளிப்படையாகவே வருந்தினார். 2020 மே 3-ஆம் நாள் நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட், பென்சில்வேனியா, டெலவேர், ரோட் தீவு, மாசசூசெட்ஸ் ஆகிய ஏழு மாநிலங்கள் இனி இத்தகைய பொருள்களைக் கூடி வாங்குவதாக அறிவித்தன. நோய் பரவிப் பல்லாயிரவர் உயிர் துறந்த பின்னரே இவ்வறிவிப்பு வந்தது.

கூடி வாங்குதல் அமெரிக்க மாநிலங்கள் அறியாத ஒன்றன்று. 1947-ஆம் ஆண்டிலேயே மாநிலங்களின் கொள்முதல் அலுவலர்கள் தமக்கென ஒரு தேசியச் சங்கத்தை நிறுவியிருந்தனர். மருந்துகளைக் கூடி வாங்குவதற்காக மின்னசோட்டா மாநிலம் 1985-ஆம் ஆண்டில் ஒரு கூட்டணியைத் தொடங்கியது. பிற மாநிலங்களும் அதில் சேர்ந்தன. 1993-ஆம் ஆண்டில் மேற்கு மாநிலங்கள் சில தம்முள் ஓர் ஒப்பந்தக் கூட்டணியை அமைத்தன. இக்கூட்டணிகளில் பெரிதும் பின்பற்றப்படும் முறை எளியது. ஒரு மாநிலம் தலைமை ஏற்று, அனைவர் சார்பிலும் விலை கேட்டு, ஒப்பந்தம் செய்யும். விரும்பும் மாநிலங்களும், நகரங்களும், பள்ளி நிருவாகங்களும் அவ்வொப்பந்தத்தில் தம்மையும் இணைத்துக்கொண்டு அதே விலையில் பொருளைப் பெறும்.

இத்தனை பழக்கம் இருந்தும் நெருக்கடி நேர்ந்தபோது அது போதாததாயிற்று. இல்லாத பொருளைக் கூட்டு முயற்சி உண்டாக்கிவிடாது என்பது உண்மையே. ஆயினும், இருக்கும் பொருளுக்காகத் தம்முள் மோதிக்கொள்வதை அது தவிர்க்கும். வெள்ளம் வருமுன் அணை கோலுதல் வேண்டும். வெள்ளம் புகுந்தபின் மண் சுமப்பதால் பயனில்லை. கூட்டு முயற்சியும் அத்தகையதே. தேவை நேரும் முன்னரே அதனை அமைத்துப் பழகியிருத்தல் வேண்டும்.

அவ்வாறு முன்னரே அமைத்துப் பழகியதற்கு ஒரு நல்ல சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. அது மருந்து வாங்கும் துறையில் காணப்படுகிறது. அதன் அருமையை உணர வேண்டுமாயின் 1994-ஆம் ஆண்டுக்கு முன்பிருந்த நிலையை முதலில் அறிதல் நலம்.

அக்காலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளுக்கு விலை மட்டும் பொதுவாக முடிவு செய்யப்பட்டது. அவ்விலையில் மருந்து அனுப்புமாறு அந்தந்த மருத்துவமனையும் அலுவலகமும் நிறுவனங்களுக்குத் தனித்தனியே எழுதிக் கேட்டன. பெரிய நகரத்து மருத்துவமனை கேட்கும் மருந்து மிகுதி. சிற்றூர் நிலையம் கேட்பதோ சிறிது. சிறிய தேவைக்கு நிறுவனங்கள் விரைந்து செவிசாய்ப்பதில்லை. மருந்தை அனுப்பியவருக்கும் பணம் உரிய காலத்தில் கிடைப்பதில்லை. அதனால் அவர் அடுத்த முறை அனுப்பத் தயங்குவார். ஓரிடத்தில் ஒரு மருந்து தேவைக்கு மேல் குவிந்து காலங்கடந்து கெடும்; மற்றோரிடத்தில் அதே மருந்து இல்லாமல் நோயாளி வெறுங்கையோடு திரும்புவார். டப்பாக்களில் வந்த மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. ஈரம் பட்ட மாத்திரை தூளாகும். அது இன்ன மருந்து என்று வீட்டில் உள்ளார் அறிய இயலாது.

இதனால் துன்புற்றவர் யார்? செல்வர் அல்லர். அவர் தனியார் கடைக்குச் சென்று வேண்டிய மருந்தை வாங்கிக்கொள்வார். நாள் கூலியை நம்பி வாழும் தாய் ஒருத்தி, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் சுமந்து நெடுந்தொலைவு நடந்து ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைகிறாள். மருத்துவர் நோயை நன்கு கண்டறிகிறார், மருந்தும் எழுதுகிறார். மருந்து வழங்கும் சன்னலில், 'இம்மருந்து கையிருப்பில் இல்லை. வெளியே வாங்கிக்கொள்' என்னும் விடை கிடைக்கிறது. அச்சொல்லைக் கேட்ட பிறகு அவளுக்கு மருத்துவரின் அறிவும் பயன்படுவதில்லை. அரசு கட்டிய கட்டடமும் பயன்படுவதில்லை. இறுதியில் ஒரு சிறு மாத்திரை இன்மையால் அத்தனையும் வீணாகிறது.

இக்குறையைப் போக்குதற்குத் தமிழ்நாட்டு அரசு 1994 சூலை 1-ஆம் நாள் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 1995 சனவரி முதல் அது மருந்து வழங்கும் பணியைத் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதல் சிற்றூரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் வரை, அரசின் மருத்துவ நிலையங்கள் யாவற்றுக்கும் வேண்டிய மருந்துகளை ஒருங்கு சேர்த்து வாங்குவதே அதன் பணி. கால்நடை மருத்துவ நிலையங்களுக்கும் பிற அரசு அமைப்புகளுக்கும் இவ்வழியே மருந்து வழங்கும் முறை பின்னர் ஏற்பட்டது.

கழகம் மேற்கொண்ட முறையைச் சற்று விரிவாகக் காண்பது பயன் தரும். முதலாவது, இன்றியமையாத மருந்துகள் எவை என்பதை வல்லுநர் ஆய்ந்து ஒரு பட்டியல் வகுத்தனர். சந்தையில் ஒரே மருந்து பல நிறுவனங்களின் பல பெயர்களில் விற்கப்படுகிறது. பெயர் மாறினால் விலையும் மாறுகிறது. உள்ளிருக்கும் மருந்து மட்டும் மாறுவதில்லை. ஆதலின், நிறுவனம் இட்ட பெயரை விடுத்து மருந்தின் பொதுப்பெயராலேயே அப்பட்டியல் அமைந்தது. பல நூறு பெயர்களில் சிதறிக் கிடந்த தேவை சில நூறு மருந்துகளாகத் திரண்டது. சிதறிய நீர்த்துளிகள் ஓடையாகத் திரண்டாற்போல வாங்கும் வலிமையும் திரண்டது.

இரண்டாவது, ஒப்பந்தப்புள்ளி இரண்டு உறைகளில் பெறப்பட்டது. நிறுவனத்தின் தகுதியைக் காட்டும் சான்றுகள் ஓர் உறையிலும், விலை மற்றோர் உறையிலும் இடப்பட்டன. முதலில் தகுதி உறை மட்டுமே திறக்கப்படும். நல்ல முறையில் மருந்து செய்யும் ஆலை உடையதா, வாங்குவோர் வேண்டும் அளவை வழங்க வல்லதா என்பவை ஆராயப்படும். அத்தேர்வில் தேறிய நிறுவனத்தின் விலை உறையே பின்னர்த் திறக்கப்படும். மலிவு என்னும் ஒன்றையே நோக்கித் தகுதியற்ற பொருளை வாங்கிவிடாமல் காக்கும் வேலி இம்முறையாகும்.

மூன்றாவது, தரச்சோதனை. கிடங்குக்கு வந்த மருந்து உடனே நோயாளியின் கைக்குச் செல்வதில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுக்கப்படுகிறது. அம்மாதிரியின் மேலுள்ள நிறுவனப் பெயர் மறைக்கப்பட்டு, அடையாள எண் ஒன்று இடப்பட்டு, சோதனைக் கூடத்துக்கு அனுப்பப்படுகிறது. சோதிப்பவர் யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பதை அறியார். ஆதலின், வேண்டியவர் வேண்டாதவர் என்னும் வேறுபாட்டுக்கு அங்கே இடமில்லை. சோதனையில் தேறும் வரை அத்தொகுதி கிடங்கில் தனியே வைக்கப்படும். தேறாத மருந்தைக் கொடுத்த நிறுவனமும், குறித்த காலத்தில் அனுப்பாத நிறுவனமும் தண்டனைக்கு உள்ளாகும்.

நான்காவது, மாவட்டந்தோறும் கிடங்குகள் அமைந்தன. எக்கிடங்கில் எம்மருந்து எவ்வளவு உள்ளது என்பதைக் கணிப்பொறி வழியே தலைமையகத்தில் இருந்தே அறியும் ஏற்பாடு தொடக்கக் காலத்திலேயே செய்யப்பட்டது. ஓரிடத்தில் மிகுந்ததை, குறைந்த இடத்துக்கு மாற்ற இஃது உதவியது. மாத்திரைகளும் உறையிட்ட அட்டைகளில் வரலாயின. தமிழ்நாடு அரசு வழங்குவது, விற்பனைக்கு அன்று என்னும் குறிப்பு அவற்றின்மேல் அச்சிடப்பட்டது. மருந்தைத் திருடிக் கடையில் விற்போர்க்கு அவ்வெழுத்துகளே காவலாயின.

ஐந்தாவது முறையே யாவற்றினும் நுட்பமானது. ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் ஒரு பாஸ் புத்தகம் கொடுக்கப்பட்டது. அந்நிலையம் ஓராண்டில் எவ்வளவு பணத்துக்கு மருந்து பெறலாம் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அவ்வளவுக்குள் எம்மருந்தை, எவ்வளவு பெறுவது என்பதை அந்நிலையத்து மருத்துவரே முடிவு செய்வார். மலையடிவாரத்து ஊரில் பாம்புக்கடி மிகுதியாயிருக்கலாம். நகரத்தில் நீரிழிவு மிகுதியாயிருக்கலாம். அவரவர் ஊரின் நோயை அவரவரே அறிவர் அன்றோ? மேலும், மருந்துக்கான பணத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை அவசரத் தேவைக்காக உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளவும் இடம் தரப்பட்டது. கூடி வாங்குதல் என்பது தலைநகரில் உள்ளவர் விரும்பியதை ஊருக்கெல்லாம் திணித்தல் அன்று. வாங்கும் வலிமை ஓரிடத்தில் திரள வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தந்த ஊரில் நிற்க வேண்டும். இவ்விரண்டும் பொருந்தியதாலேயே அம்முறை நிலைத்தது.

இவ்வாறு வாங்கியதனால் விலை குறைந்தது. அதே பணத்துக்கு மிகுந்த மருந்து கிடைத்தது. இம்முறையைப் பிற மாநிலங்களும் நோக்கின. கேரள மாநிலம் 2007-ஆம் ஆண்டிலும், இராசத்தான் மாநிலம் 2011-ஆம் ஆண்டிலும் இதனை ஒத்த கழகங்களை நிறுவின.

கூட்டுக் கொள்முதலின் மற்றோர் எடுத்துக்காட்டு விளக்கு வாங்கியதில் காணப்படுகிறது. எல்இடி விளக்கு குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தருவது. ஆயின் தொடக்கத்தில் அதன் விலை மிகுதி. இந்திய அரசின் மின் துறையைச் சார்ந்த எனர்ஜி எஃபிஷியன்சி சர்வீசஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம், பல மாநிலங்களின் தேவைகளை ஒன்று சேர்த்துக் கோடிக்கணக்கில் விளக்குகளை வாங்கியது. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு விளக்குக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-ஆம் ஆண்டில் 38 ரூபாய் அளவுக்கு இறங்கியது. உலகச் சந்தையிலும் அக்காலத்தில் அவ்விளக்கின் விலை இறங்கி வந்தது. எனினும், பேரளவில் கூடி வாங்கியது அவ்விறக்கத்தை விரைவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. நகராட்சிகளின் தெருவிளக்குகளையும் இம்முறையில் மாற்றும் திட்டம் 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

இவ்விளக்குத் திட்டம் ஒரு நன்மையைக் காட்டியது போலவே ஒரு குறையையும் காட்டியது. நிறுவனம் தன் பணத்தைச் செலவிட்டு விளக்கு மாட்டும்; உள்ளாட்சி மன்றங்கள் அதனைத் தவணையாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. விளக்கு எரிந்தது, தெரு ஒளி பெற்றது. ஆயின், தவணையை உரிய காலத்தில் செலுத்தாத மன்றங்கள் பலவாயின. நிலுவை பெருகி, அந்நிறுவனத்துக்குப் பெருஞ்சுமை ஆயிற்று.

இதனால் பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. கூட்டுக் கொள்முதலின் உயிர்நாடி விலைப் பேரம் அன்று. சொல் காத்தலே ஆகும். நாற்பது மூட்டை வாங்குவோம் என்று நான்கு ஊராட்சிகள் சொன்ன சொல்லை நம்பியே வணிகர் விலையைக் குறைக்கிறார். பின்னர் ஓர் ஊராட்சி, 'வேறிடத்தில் இன்னும் ஐந்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது' என்று பிரிந்து செல்லுமாயின், எஞ்சிய மூன்றும் ஏமாறும். சரக்கைப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தாழ்த்துமாயின், வணிகர் அடுத்த ஆண்டு தாம் காத்திருக்க வேண்டிய நாள்களுக்கான வட்டியையும் விலையில் ஏற்றியே கூறுவார். ஒருவர் தவறிய சொல்லுக்கு அனைவரும் விலை கொடுப்பர். தேர்வடத்தைப் பிடித்தவர் நடுவழியில் கைவிட்டால் தேர் நிற்பதோடு முடியாது; மற்றவர் கைக்கும் அஃது ஊறு விளைக்கும்.

கூடி வாங்குதலில் வேறு சில இடர்களும் உள. பல ஊர்களின் தேவை முழுவதையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தால், ஏனைய நிறுவனங்கள் நாளடைவில் மறையலாம். எஞ்சிய ஒன்று பின்னர்த் தான் விரும்பிய விலையைக் கூறும். அதன் ஆலையில் ஒரு நாள் தீப்பற்றினால் மாநிலம் முழுவதும் மருந்தின்றித் தவிக்கும். இதனைத் தவிர்ப்பதற்காக, குறைந்த விலை கூறியவருக்கு அடுத்த நிலையில் உள்ளோரும் அதே விலைக்கு இசைந்தால் அவர்க்கும் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுக்கும் முறை மருந்துக் கொள்முதலில் கையாளப்படுகிறது. உள்ளூர்ச் சிறு வணிகரின் வாழ்வும் எண்ணத்தக்கது. காய்கறி, பழுது பார்க்கும் வேலை முதலியவற்றை உள்ளூரில் வாங்குவதே தக்கது. எப்பொருளை ஊர் கூடி வாங்குவது, எப்பொருளை ஊருக்குள் வாங்குவது என்று பகுத்தறிதல் நிருவாகிகளின் கடமையாகும்.

யாவற்றினும் பெரிய இடர் மற்றொன்று. சிறு கொள்முதலில் ஒருவர் தவறு செய்தால் ஓர் ஊர் கெடும். பெருங்கொள்முதலில் தவறு செய்தால் நாடே கெடும். பெரிய ஏரியின் கரையில் சிறு துளை இருப்பினும் ஆபத்தே. ஆதலின், பணம் திரளும் இடத்தில் கண்களும் திரள வேண்டும். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டில் ஒப்பந்தப்புள்ளிகளின் வெளிப்படைத்தன்மைக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அழைப்பு பலரும் அறிய வெளியிடப்பட வேண்டும். தேர்ந்த முடிவுக்குக் காரணம் காட்டப்பட வேண்டும் என்பன போன்ற நெறிகளை அது வகுத்தது. சட்டம் வேலியாகும், ஆயினும், வேலியைக் காப்பவர் விழித்திருத்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய தாயை மீண்டும் நினைவுகூர்தல் தகும். அவள் ஒப்பந்தப்புள்ளி இன்னதென்று அறியாள், கிடங்கையும் கண்டிலள், இரண்டு உறைகளின் செய்தியையும் கேட்டிலள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சன்னலில் கை நீட்டுகிறாள். உறையிட்ட மாத்திரைகள் அவள் கையில் வைக்கப்படுகின்றன. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் வீடு திரும்புகிறாள். அச்சிறு மாத்திரை அவள் கையை அடைவதற்குப் பட்டியல் வகுத்த வல்லுநர், பெயர் அறியாது சோதித்தவர், கிடங்கில் கணக்கு எழுதியவர், உரிய நாளில் பணம் செலுத்தியவர் எனப் பலர் வடம் பிடித்திருக்கின்றனர். அவருள் ஒருவர் கை நழுவவிட்டிருந்தாலும் அவள் வெறுங்கையோடு திரும்பியிருப்பாள்.

கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது முதுமொழி. கூடி வாங்கினாலும் நன்மை உண்டு. ஆயின், கூடியவர் ஒவ்வொருவரும் தாம் கொடுத்த சொல்லைக் காக்கும் வரையிலேயே அந்நன்மை நிலைக்கும். நாளை ஊராட்சியிலும், நகராட்சியிலும், அரசு அலுவலகங்களிலும் பொறுப்பேற்க இருக்கும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக. பொதுப்பணத்தைக் கொண்டு ஒரு பொருளை வாங்கக் கையொப்பம் இடும்போதெல்லாம், சன்னலுக்கு வெளியே நீட்டிய அந்தக் கையை அவர்கள் நினைப்பார்களாக.